கன்னம் பட்ட இடம்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

உங்கள் கடையின் விலைப்பட்டியல் புத்தகம் நேற்று வந்தது. இன்னும் என் வீட்டுக்காரர் பேருக்குத்தான் அனுப்புகிறீர்கள். உறையில் பேரை எடுத்துவிடலாமே என்று உங்கள் கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. செத்துப்போனவருக்கு வந்த தபாலை நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

பிரித்ததும் நல்லதாகப் போயிற்று. உள்ளே இவருடைய துப்பாக்கி முழுப் பக்கத்துக்குப் படுத்திருக்கிறது. "கையால் செய்த இரட்டைக் குழல் வேட்டை ரைஃபிள். ஒரே கனவானிடம் இருந்தது. புதுப்பிக்கப்பட்டது. ஏழு லட்சம்." கனவான் பட்டம் இவருக்குச் செத்த பிறகு கிடைத்திருக்கிறது. இருந்தபோது நீங்கள் "அந்தக் காட்டான்" என்றுதானே சொல்வீர்கள்.

லைசென்ஸ் இவர் பேரில் இருந்தது. ஆள் போய்விட்டதால் துப்பாக்கியை ஒப்படை, இல்லாவிட்டால் விற்றுவிடு என்று ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள் காரில் வந்து இறங்கினீர்கள். "இடக்கைக்காரருக்குன்னு செஞ்சது பாப்பா. தோள்ல வைக்கிற மரக்கட்டையே இடது பக்கமா வளைஞ்சிருக்கு. நூறு பேர் வந்தா அஞ்சு பேர்தான் இடக்கை. இதை எவன் வாங்குவான்?" என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். ஒன்றேமுக்கால் லட்சம் மேஜையில் வைத்தீர்கள். கூடப் பிறந்தவர் ஆயிற்றே என்று வாங்கிக்கொண்டேன்.

பணத்தைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். படத்தில் கட்டை கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அவர் கன்னம் வைக்கிற இடம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து, வழுவழுவென்று இருக்குமே, அதைக் காணோம். இருபது வருஷம் வைத்து வைத்துத் தேய்ந்த இடம் அது. பூட்ஸ் மாட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் போன அன்றைக்கு, வந்தவர்களெல்லாம் போன பிறகு, நான் அந்த இடத்தில்தான் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய முகம் இந்த வீட்டில் விட்டுப்போன தடயம் அது ஒன்றுதான். தலையணை உறையைக்கூடத் துவைத்துவிட்டேன், அண்ணா.

அதை என்ன செய்தீர்கள்?

யாருக்கும் விற்காதீர்கள். என் பேரில் லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். போன் செய்ய வேண்டாம். போனில் உங்கள் வாய் வியாபாரம் பண்ணும். எழுதினால் எழுதியது அப்படியே நிற்கும்.

தங்கை


மார்ச் 10

பாப்பா,

உன் கடிதம் பார்த்து இரண்டு வேளை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அண்ணியைக் கேட்டுப்பார்.

நீ வெளியே நின்று பார்க்கிறாய், ஒன்றேமுக்கால், ஏழு என்று இரண்டு எண்தான் உன் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? கடை வாடகை. திருட்டுப் போகாமலிருக்க ஜன்னல் இல்லாத சுவர், இரும்பு அறை. இன்சூரன்ஸ். ஒரு நல்ல துப்பாக்கி விலைபோகச் சில சமயம் மூன்று வருஷம் ஆகும், அதுவரை போட்ட காசு தூங்கும். என் தொழிலில் வாங்குகிற விலையைப் போல இரண்டு மடங்கு வைக்காதவன் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அவசரத்தில் விற்கிறவருக்குக் கிடைக்கிற விலை வேறு, காத்திருந்து விற்கிறவனுக்குக் கிடைக்கிற விலை வேறு. இதற்குப் பேர் மோசடி இல்லை, இதற்குப் பேர் கடை.

இடது தோள் விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. அப்படியே வைத்திருந்தால் ஈதான் மொய்த்திருக்கும். நம் கடை மரவேலைக்காரர் கட்டைக்குச் சூடான எண்ணெய் ஊற்றி, இளக வைத்து, வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வலது தோளுக்குத் திருப்பினார். பிறகு பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துப் புதுப் பூச்சு போட்டார். நீ சொல்கிற கன்னம் பட்ட இடம் அதில் போயிருக்கும். எங்கள் பாஷையில் அதற்குத் தேய்மானம் என்று பேர். தேய்மானத்தைப் பார்த்தால் வாங்க வருகிறவன் விலையைக் குறைப்பான். உனக்கு அது மாப்பிள்ளை முகம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லவே இல்லையே.

துப்பாக்கி போன வாரமே ஒரு பல் டாக்டருக்குப் போய்விட்டது. நல்ல மனுஷர், பேரம் பேசவில்லை. நீ லைசென்ஸ் வாங்கி என்ன செய்யப்போகிறாய்? கரப்பான்பூச்சியைப் பார்த்தே நாற்காலி மேல் ஏறுகிறவள் நீ.

உன் அண்ணி விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணாவுக்கு,

கணக்கு விளங்கியது. இடக்கை என்று சொல்லி என்னிடம் குறைத்தீர்கள். வலக்கையாக மாற்றி அவரிடம் கூட்டினீர்கள். ஒரே மரம் உங்களுக்கு இரண்டு தடவை சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

நான் சொல்லவில்லை என்கிறீர்கள். புருஷன் கன்னம் வைத்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? உங்களுக்கே தெரிய வேண்டாமா? இவருக்கு இந்தத் துப்பாக்கியை விற்றவரே நீங்கள்தான். "இது உங்க தோளுக்குன்னே பிறந்தது மாப்பிள்ளை" என்று சொல்லி, அப்போதும் யானை விலை வாங்கினீர்கள். அதை அடைக்க மூன்று வருஷம் நான் புதுச் சேலை எடுக்கவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. சாகிறவரைக்கும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உன் அண்ணன் இதை என்ன விலைக்கு வாங்கினான்னு மட்டும் எனக்குத் தெரியணும்" என்பார், சிரித்துக்கொண்டே. நீங்கள் சொல்லவே இல்லை.

நேற்றுச் சுடும் பயிற்சிக்குப் போனேன். தோள் பட்டையில் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. பல் டாக்டரின் விலாசத்தை அனுப்புங்கள். அவரிடமே பேசிக்கொள்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 2

பாப்பா,

விலாசம் தேவைப்படாது. பல் டாக்டர் துப்பாக்கியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

கட்டை மறுபடி இடது பக்கம் வளைந்துவிட்டது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சூடு வைத்துத் திருப்பிய மரம் சில சமயம் பழைய வளைவுக்கே போகும், எண்ணெயும் வெயிலும் பட்டால் அப்படித்தான். மரவேலைக்காரரும் அதையே சொன்னார். ஆனால் அவர் கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ சொன்ன இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். புதுப் பூச்சு அந்த ஓரிடத்தில் மட்டும் வெளுத்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. டாக்டர் வலக்கைக்காரர். அவர் கன்னம் அந்தப் பக்கமே படாது.

காசைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எண்ணெய் ஊற்றி, வைஸில் இறுக்கி, பூச்சு போட்டு, ஒரு பண்ணைக்காரருக்கு ஆறரை லட்சத்துக்குக் கொடுத்தேன். உனக்காக நிறுத்திவைக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் உன் லைசென்ஸ் என்றைக்கு வருமோ, கையில் காசோடு நிற்கிற ஆளை அனுப்ப மனசு வரவில்லை. தொழில் புத்தி, என்ன செய்ய.

அந்தப் பண்ணைக்காரர் நேற்று போன் செய்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சிரிக்காதே. "கட்டையில கன்னத்தை வச்சா அங்க ஏற்கனவே யாரோ வச்சிருக்கிற மாதிரி இருக்குங்க. கதகதன்னு இருக்கு. குத்துது." என்ன குத்துது என்று கேட்டேன். "தாடி," என்றார்.

குடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

நான் சிரிக்கவில்லை. வேட்டைக்குப் போகிற நாளில் அவர் சவரம் செய்ய மாட்டார். சோப்பு வாசனை மிருகத்துக்குத் தெரிந்துவிடும் என்பார். உங்கள் பண்ணைக்காரருக்கு இது எப்படித் தெரியும்?

இனிமேல் இதை யாருக்கும் காட்டாதீர்கள். நான் ஒரு விலை சொல்கிறேன். எனக்குக் கொடுத்த ஒன்றேமுக்கால். அதோடு மரவேலைக்காரருக்கு நீங்கள் கொடுத்த கூலி. அதோடு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் சிரமத்துக்கு. இதைவிட நியாயமான விலையை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். அண்ணன் தங்கை என்பதற்காக ஒரு காசும் குறைக்கச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

பயிற்சியில் தேறிவிட்டேன். கரப்பான்பூச்சி இன்னும் பயம்தான்.

பண்ணைக்காரர் திருப்பிக் கொடுத்தால் அதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


மே 3

பாப்பா,

காற்று வடக்கிலிருந்து வருகிறது. காலையில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

பண்ணைக்காரர் துப்பாக்கியைக் கடை வாசலில் வைத்துவிட்டு, பணத்தைக்கூட நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை. கட்டை இடது பக்கம் திரும்பிவிட்டது. மரவேலைக்காரரைக் கூப்பிட்டேன். "நான் தொட மாட்டேன் முதலாளி. மரம் திரும்புறது நான் பார்த்திருக்கேன். பூச்சுக்கு உள்ளேருந்து தேயுறது பார்த்ததில்லை," என்று மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உன் விலை சரி. நியாயமாகத்தான் கேட்டிருக்கிறாய். ஆனால் ஒரு விஷயம். அதை நானே ஒரு தடவை தோளில் வைத்துப் பார்த்தேன். என்ன குறை என்று தெரிந்தால்தானே உன்னிடம் கொடுக்க முடியும்? இத்தனை வருஷமாக நான் துப்பாக்கி விற்கிறவன், சுடுகிறவன் இல்லை. வலது தோளில் வைக்கத்தான் எடுத்தேன். போய் இடது தோளில் உட்கார்ந்தது. எனக்கே அளவெடுத்துச் செய்தது மாதிரி. கன்னத்தை வைத்தேன். பண்ணைக்காரர் பொய் சொல்லவில்லை, கதகதப்பாகத்தான் இருக்கிறது. பயமாக இல்லை பாப்பா. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அதிலிருந்து தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். சட்டைப் பொத்தானை இடது கையால் போடுகிறேன் என்று உன் அண்ணி முதலில் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரிகிறது. எனக்குக் கண் நன்றாகத்தானே இருந்தது.

கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும். குழலைச் சரிபார்க்க வேண்டும். அவசரம் இல்லை.

அண்ணன்


மே 9

அண்ணாவுக்கு,

துப்பாக்கியை இரும்பு அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை அண்ணியிடம் கொடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்முன்னே அதைச் செய்யுங்கள்.

உங்கள் கடிதம் காற்றிலிருந்து தொடங்கியிருந்தது. உங்களுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் கடைக்கு ஜன்னலே கிடையாது. அவர்தான் எதை எழுதினாலும், பால்காரருக்குச் சீட்டு எழுதினால்கூட, முதலில் காற்று எந்தப் பக்கம் என்று எழுதுவார். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் மை இழுபட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறவருக்குத்தான் எழுதிய வரி மேலேயே கை போகும், மை தேயும். இருபது வருஷம் அவர் சுண்டுவிரல் பக்கம் மையைத் தேய்த்துக் கழுவியவள் நான்.

அண்ணி நேற்று போன் செய்தாள். விடிந்ததும் நீங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்கேயோ வாங்கிய பூட்ஸை மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி இருக்கிறீர்களாம். அதற்காக அவள் அழவில்லை. "தூக்கத்துல ஒருத்தியைக் கூப்பிடுறார். யார் அந்தச் சுண்டு? கடைக்கு வர்ற எவளாவதா? உனக்குத் தெரிஞ்சா மறைக்காதே," என்று என்னைக் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

சுண்டு என்பது நான்தான், அண்ணா. கதவைச் சாத்திய பிறகு மட்டும் அவர் என்னைக் கூப்பிடுகிற பேர். அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்தப் பேரைச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

லைசென்ஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் கேட்ட ஏழு லட்சமே தருகிறேன், நகையை விற்றாவது. அதுவரை அதில் கன்னத்தை வைக்காதீர்கள். நான் உங்கள் மேல் வைத்த கோபமெல்லாம் இந்தக் கடிதத்தோடு போகட்டும். எனக்கு என் அண்ணன் வேண்டும்.

தங்கை


மே 12

சுண்டு

காற்று மேற்கு. லேசு.

துப்பாக்கி நன்றாக இருக்கிறது. கட்டையைக் கெடுத்திருந்தார்கள் சரியாகிவிட்டது. பூட்ஸ் காலை இறுக்கிப் பிடிக்கிறது இந்த ஆளுக்குக் கால் பெரிது. கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ கட்டிய நீலச் சேலையில் சாயம் போகிறது என்று சொல்ல நினைத்தேன் அன்றைக்குக் காலையில். பூட்ஸ் மாட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

உன் அண்ணன் இதை என்ன விலைக்கு வாங்கினான் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவன் தலைக்குள்ளேயே இருக்கிறது. எண்பதாயிரம். நேரில் சொல்கிறேன் நீ சிரிப்பாய்.

வெள்ளிக்கிழமை வருகிறாயாமே. வா. எடுத்துக்கொண்டு மட்டும் போகாதே. சுவரில் மாட்டினால் நான் வெறும் மரம்.

பாப்பா, இதை வலது கையால் எழுதுகிறேன். அந்த ஆள் கண் அசரும்போதுதான் முடிகிறது. காசு வேண்டாம். ஒரு காசும் வேண்டாம். சும்மா எடுத்துக்கொண்டு போ. சீக்கிரம் வா பாப்பா.


மே 16

அண்ணாவுக்கு,

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. வருவதாகத்தான் இருந்தேன். லைசென்ஸும் பணமும் பையில் இருந்தன. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும்விட்டேன். ஜன்னலில் என்னைப் பார்த்த தபால்காரர், உங்கள் கடிதத்தை அங்கேயே நீட்டினார். படித்தேன். வண்டி கிளம்புமுன் இறங்கிவிட்டேன்.

முதலில் பயந்தேன், மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். மேலே சுண்டு என்று எழுதியிருந்த இடத்தில் மை தேய்ந்து ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் படிந்திருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதகதப்பாக இருந்தது. நீலச் சேலை சாயம் போவது உண்மைதான். அதை இனிமேல் தனியாகத்தான் நனைக்க வேண்டும்.

கீழே நீங்கள் வலது கையால் எழுதியதையும் படித்தேன். அதைப் படித்து அழுதேன். நீங்கள் சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது எனக்கு மறக்கவில்லை. அது எந்தத் தோள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறீர்கள். அவசரத்தில் விற்கிறவருக்குக் கிடைக்கிற விலை வேறு, காத்திருந்து விற்கிறவனுக்குக் கிடைக்கிற விலை வேறு என்று எழுதியவர் நீங்கள்தான். இப்போது அவசரம் உங்களுக்கு. எனக்கு ஓர் அவசரமும் இல்லை. எண்பதாயிரத்துக்கு வாங்கினதை எங்களுக்கு யானை விலைக்குக் கொடுத்தீர்கள். செத்த வீட்டில் வந்து கால் விலைக்கு எடுத்துப் போனீர்கள். மூன்றாவதாக, அந்த இடத்தைத் தேய்த்தீர்கள். முதல் இரண்டையும் நான் மன்னித்துவிட்டேன், உண்மையாகவே. மூன்றாவதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகு தெரிந்தது. இத்தோடு நமக்குள் பாக்கி ஒன்றும் இல்லை.

துப்பாக்கி உங்களிடமே இருக்கட்டும். லைசென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சாவியை அண்ணியிடம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சுண்டு யாரென்றும் சொல்லவில்லை. தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதை விட்டுவிடாதீர்கள்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அவர் பூட்ஸ் உங்கள் காலுக்குச் சேராது என்று, அவர் கூடப் பிறந்த அண்ணனுடைய பழைய பூட்ஸை வைத்திருக்கிறேன், ஓர் அளவு பெரிது, காலைப் பிடிக்காது. பஞ்சு சுற்றிய டப்பாவில் அவர் கண்ணாடி இருக்கிறது. இடது பக்கக் காது கொக்கி கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதைச் சரிசெய்துகொள்ள அவருக்குத் தெரியும்.

இங்கே காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவரைப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

சுண்டு